குசினிக்குள் பிடித்த கொடுவா

தில்லைக்குடாவுக்கு வருகிற வெள்ளத்துக்கு வாசலில் நின்று கூப்பிடுகிற பழக்கம் கிடையாது. நேரே குசினிக்குள் வந்து குந்திக்கொள்ளும். அந்த மார்கழியில் வந்தது பதினொரு நாள் தங்கியது. முன்னமே போயிருக்கும். முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டால் ஒரு பகலில் வாவித் தண்ணீரெல்லாம் கடலுக்கு ஓடிவிடும் என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மண்வெட்டி தூக்குமுன் கூட்டம் கூடித் தீர்மானம் எடுக்க வேண்டும் என்பது விதி. கூட்டத்துக்கு வரவேண்டியவர்களில் மூன்று பேருடைய வீதிகளை வெள்ளம் மூடியிருந்தது. ஆகவே வெள்ளம் வடியும்வரை கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள்.

அழகரத்தினம் மேசன் வேலை செய்கிறவர். வயது ஐம்பத்தெட்டு. காத்தான்குடி ஹமீட் ஹாஜியார் எடுக்கிற கட்டட வேலைகளுக்கெல்லாம் அவர்தான் பெரிய மேசன். எத்தனையோ பேருக்கு வீடு கட்டிக் கொடுத்தவர். அவருக்கென்று வீடு இல்லை. இது அவருடைய குறையும் இல்லை. அந்தப் பக்கத்தில் வீடென்பது பெண்பிள்ளைக்குப் போகிற சொத்து. தாய் மகளுக்குக் கொடுப்பாள், மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுவான். முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் அப்படித்தான் அழகரத்தினமும் புஸ்பத்தின் வீட்டில் ஏறினார். வருகிற வைகாசியில் மகள் தனுஷாவைச் சித்தாண்டி மதுரனுக்குக் கொடுப்பதாக முற்றாக்கியிருந்தது. மதுரன் வந்து ஏறுவதற்கு முன்பக்கத்து இரண்டு அறையையும் அழகரத்தினம் தன் கையாலேயே பூசி முடித்திருந்தார். கிழவனுக்கும் கிழவிக்கும் வளவின் பின்பக்கத்தில் ஒரு கொட்டில் போதும் என்பது ஏற்பாடு.

ஒரேயொரு தடவைதான் அவர் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரராக இருந்திருக்கிறார். சண்டை முடிந்து வந்த வருடங்களில் அரசாங்கம் காணிகளுக்கு அனுமதிப்பத்திரம் எழுதியது. எழுத வந்த கிளாக்கர் கொப்பியை விரித்து, "குடும்பத் தலைவர் ஆர்?" என்று கேட்டார். புஸ்பம் புருசனின் பேரைச் சொல்லாத பெண். அடுப்படியில் நின்றபடி, "அந்தா, கிணத்தடியில நிக்கிறார்" என்று கையைக் காட்டினாள். கிளாக்கரும் கிணற்றடியில் நின்றவரின் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அழகரத்தினம் முகத்தைக் கழுவிவிட்டு வந்து சோறு தின்றார். அன்று பின்னேரமே அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள், பத்திரத்தைத் தவிர.

இப்போது வெள்ளத்துக்கு வருவோம். ஐந்தாம் நாள் கட்டிலை நாலு கல்லின்மேல் தூக்கிவைத்து மூன்று பேரும் அதிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். சம்பலும் சோறும் அலுத்துப்போயிருந்தது. கீழே பார்த்தால் மீன் கூட்டம். அம்மிக்குப் பக்கத்தில் இறால் குடியேறிவிட்டது. செப்பலிக் குஞ்சுகள் அரிசிப் பானையைச் சுற்றி வந்து மூடி எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தன. அழகரத்தினம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, கொசுக்கடிக்கென்று ஆஸ்பத்திரியால் இலவசமாகக் கொடுத்த நுளம்பு வலையை அவிழ்த்துக் குசினி வாசலில் கட்டினார். அரைமணி நேரத்தில் ஒரு கொடுவா விழுந்தது. தில்லைக்குடாவில் அந்தக் கொடுவாவின் நீளத்தைக் காட்டுகிறவர்கள் தங்கள் இரண்டு கையும் போதாமல் பக்கத்தில் நிற்கிறவனின் ஒரு கையையும் இரவல் வாங்குவார்கள். வால் குசினியில் கிடக்கத் தலை விறாந்தைக்கு வந்துவிட்டதாம். தலை அங்கே என்ன செய்தது என்று கேட்டால், மழை விட்டதா என்று பார்த்ததாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் மீன்பிடி உத்தியோகத்தர் இயந்திரவள்ளத்தில் வந்து சேர்ந்தார். வள்ளத்தை முருங்கை மரத்தில் கட்டச் சொல்லிவிட்டு, இருந்த இடத்திலிருந்தே கைபேசியில் நாலு படம் எடுத்தார்.

"என்ன வலை இது?"

"நுளம்பு வலை சேர். ஆஸ்பத்திரியால தந்த."

"கண் எவ்வளவு சின்னன் எண்டு பாத்தீங்களா? இது தடைசெய்த வலை."

"கண்ணப் பெருப்பிச்சா நுளம்பு உள்ள வந்திரும் சேர்."

"பகிடி விடாதீங்க. லைசன் இரிக்கா?"

"சோத்துக்குக் கறி புடிக்க லைசனா?"

"வாவியில ஆர் மீன் புடிச்சாலும் லைசன் வேணும்."

புஸ்பம் கட்டிலில் எழுந்து நின்றாள். "ஐயா, இது எங்கட குசினி. அந்தா அடுப்பு, இந்தா அம்மி."

உத்தியோகத்தர் நல்ல மனிதர். கோபப்படவில்லை. "அம்மா, நான் வள்ளத்தில வந்திரிக்கன். வள்ளம் ஓடுற இடத்தக் குசினியெண்டு நான் எப்பிடி எழுதுற?" என்று கேட்டார்.

வலையையும் கொடுவாவையும் சான்றுப் பொருளாக ஏற்றிக்கொண்டு, அழகரத்தினத்திடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வள்ளம் போனது. வலை பிற்பாடு வழக்கோடு கோட்டுக்கு வந்தது. கொடுவா வரவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். இளம் பிள்ளை. பி.எச்.ஐ. தம்பி என்று ஊரில் சொல்வார்கள். அவருக்கு வள்ளம் கொடுக்கப்படவில்லை. காற்சட்டையைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு நடந்து வந்தார். கிணற்றடியில் மிதந்த பழைய டயருக்குள் ரோச் அடித்துப் பார்த்தார்.

"உங்கட வளவுக்குள்ள தண்ணி தேங்கி நுளம்புப் புழு கிடக்கு. எச்சரிக்கைத் துண்டு எழுதுறன்."

அழகரத்தினத்துக்குச் சந்தோசமாகவே இருந்தது. "தம்பி, முந்தநாள் வந்த ஐயா இது வாவி எண்டு எழுதிட்டுப் போனார். வாவிக்குள்ள கிடக்கிற புழுவுக்கு நான் என்ன செய்ற?"

"அது எனக்குத் தெரியா ஐயா. என்ட லிஸ்ற்றில இது அறுபத்திமூண்டாம் இலக்க வீடு. ஏழு நாளுக்குள்ள தண்ணிய அகற்றணும்."

"எங்க அகற்றுற?"

பி.எச்.ஐ. தம்பி சுற்றிவரப் பார்த்தார். "வாவிக்குள்ள ஊத்துங்க" என்றார்.

பன்னிரண்டாம் நாள் வெள்ளம் தானாக வடிந்தது. அழகரத்தினம் தேத்தண்ணிக் கடையில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார். கேட்டவர்களும் சிரித்தார்கள். ஒரே நேரத்தில் வாவியிலும் வளவிலும் இருந்த ஒரே மனிதன் என்று அவருக்கு ஊரில் கொஞ்சநாள் பெயர் இருந்தது.

தையில் கோட்டுத் தவணை வந்தது. அதே நாளில்தான் ஹமீட் ஹாஜியாருடைய மூன்று மாடிக் கட்டடத்துக்கு மேல்தளமாகக் கொங்கிறீட் தட்டுப் போடுவதாக இருந்தது. கலவை மெசினும் இருபது ஆளும் காத்திருப்பார்கள். பெரிய மேசன் இல்லாமல் தட்டுப் போட முடியாது.

"மேசன், வக்கீல் கிக்கீல் எண்டு மினக்கெட வேணாம்" என்றார் ஹமீட். "ஓமெண்டா ஒரு நிமிசம், இல்லையெண்டா ஒரு வருசம். ஓமெண்டு சொல்லிப்போட்டு ஓடி வாங்க. தண்டத்த நான் தாறன்."

"நான் என்ன குற்றம் செய்த ஹாஜியார், ஓமெண்டு சொல்ல?"

"என்ட வாப்பா, கோட்டில நிக்கிற ஆக்கள் எல்லாரும் செஞ்சவங்களா? வேலைக்குப் போகணுமெண்டு ஓமெண்டுற ஆக்கள். போன மாசம் சைக்கிளுக்கு லைற் இல்லையெண்டு எனக்கும் வழக்கு. சைக்கிளே என்டயில்ல. ஓமெண்டு சொல்லிட்டு வந்துட்டன்."

அது சரியாகத்தான் பட்டது. கோட்டில் அன்றைக்கு நாற்பது பேர் நின்றார்கள். தலைக்கவசம் போடாதவன், மண் ஏற்றினவன், குப்பை எரித்தவன், மாட்டை றோட்டில் விட்டவன். எல்லோருக்கும் வேறெங்கோ வேலை காத்திருந்தது. குருக்கள் மந்திரம் சொல்வதுபோல் முறைப்பாட்டை வாசித்தார்கள்: தில்லைக்குடா என்னும் இடத்தில், மட்டக்களப்பு வாவியின் எல்லைக்குள், அனுமதிப்பத்திரமின்றி, தடைசெய்யப்பட்ட வலையைக் கொண்டு. அழகரத்தினம் கலவைக்கு எத்தனை வாளி தண்ணீர் போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"குற்றவாளியா, சுற்றவாளியா?"

"குற்றவாளி ஐயா."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பத்து மணிக்கு முன் அவர் காத்தான்குடியில் நின்றார். பின்னேரம் நாலு மணிக்குத் தட்டுப் போட்டு முடிந்தது. நல்ல தட்டு. இன்றுவரை ஒரு துளி ஒழுகவில்லை.

பங்குனியில் நில அளவையாளர் முக்காலியோடு வந்தார். வாவியின் எல்லையைத் திருத்தி அடையாளம் போடுகிறார்கள் என்று சொன்னார்கள். முக்காலிக்கு நிழல் பிடிக்கத் தனுஷாதான் குடை கொடுத்தாள். தேத்தண்ணியும் கொடுத்தாள். மூன்று கிழமை கழித்துப் பிரதேச செயலகத்திலிருந்து விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. கடிதம் அழகரத்தினத்தின் பேரில் இருந்தது. புஸ்பமும் கூடவே போனாள்.

காணி உத்தியோகத்தர் கோப்பைத் திறந்தார். "உங்கட காணி வாவிக்கெண்டு ஒதுக்கின நிலத்துக்குள்ள வருது. அனுமதிப்பத்திரத்த ரத்துச் செய்யப் போறம்."

"ஆர் சொன்ன அது வாவியெண்டு?" என்று கேட்டாள் புஸ்பம்.

"உங்கட வீட்டுக்காரர்தான்."

புஸ்பம் திரும்பிப் பார்த்தாள். அழகரத்தினம் கோப்பைப் பார்த்தார். தையில் அவர் சொன்ன ஒரு சொல் தட்டச்சில், முத்திரையோடு, இரண்டு இடத்தில் துளை போட்டு நூலில் கோத்துக் கிடந்தது.

"அங்க பக்கத்து வளவெல்லாம் கிடக்கே?" என்றார் அழகரத்தினம்.

"அதுகளுக்கு ஒண்டும் எழுத்தில இல்ல. நில அளவையில சந்தேகம் எண்டு போட்டிரிக்கி. விசாரிக்கணும், காலம் எடுக்கும். உங்கடயில சந்தேகமில்ல ஐயா. வாவி எல்லைக்குள்ள நிண்டதா நீங்களே கோட்டில ஒத்துக்கொண்டிரிக்கீங்க."

"வீடு என்ட" என்றாள் புஸ்பம். "என்ட அம்மா எனக்குத் தந்த. நான் மகளுக்குக் குடுக்கிற. இடையில இந்தாள் ஆர் ஓமெண்டு சொல்ல?"

"பத்திரம் அவர்ட பேரில அம்மா. குடும்பத் தலைவர் எண்டு நீங்கதானே காட்டின?"

"அது மரியாதைக்குக் காட்டின ஐயா."

"படிவத்தில மரியாதைக்கெண்டு ஒரு கட்டம் இல்லையே."

அவரும் கெட்டவர் இல்லை. அந்தக் கதையில் கெட்டவரென்று யாரும் அகப்படவில்லை. அதுதான் பெரிய கரைச்சல். அவர் புஸ்பத்தின் முகத்தைப் பார்த்து இரங்கி ஒரு வழி சொன்னார். அந்த இடம் வளவுதான் என்று இன்னொரு கோட்டுத் தீர்ப்பு இருந்தால் மேலே எழுதிப் பார்க்கலாம்.

அழகரத்தினம் சட்டைப்பையிலிருந்து பி.எச்.ஐ. தம்பி எழுதிய எச்சரிக்கைத் துண்டை எடுத்து மேசையில் வைத்தார். அதில் 'வளவு' என்று தெளிவாக எழுதியிருந்தது.

"இது காணாது" என்றார் உத்தியோகத்தர். "துண்டு துண்டுதான். வழக்குப் போட்டு, கோட்டில தண்டம் விழுந்திருக்கணும்."

புஸ்பம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபிறகுதான் தொடங்கினாள்.

"முப்பத்திரண்டு வருசம் இந்த வீட்டில ஏறி இருந்தீங்க. ஒரு நாளாவது தண்ணிக்குள்ள படுத்தீங்களா? சொல்லுங்களன்."

"தட்டுப் போடுற நாள் புஸ்பம். இருபது பேர் நிக்கிறாங்க."

"ஹாஜியாருக்கு வீடு கட்ட என்ட வீட்டக் குடுத்தீங்களோ? அந்தக் கோட்டில ஒரு மனிசரும் உங்கட வாயப் பொத்தல்லியா?"

"எல்லாரும் அப்பிடித்தான் சொன்ன."

"எல்லாருக்கும் வீடு கிடக்கு."

மறுநாள் காலையிலேயே புஸ்பம் நுளம்பு வளர்க்கத் தொடங்கினாள். வழக்கு விழ வேண்டும், அதற்குப் புழு வேண்டும். பதினாறு தேங்காய்ச் சிரட்டையைக் கிணற்றடியில் பரப்பித் தண்ணீர் ஊற்றினாள். பழைய டயரையும் கொண்டுவந்து போட்டாள். ஆனால் அது சித்திரை. காலையில் ஊற்றிய தண்ணீரை மத்தியானத்துக்குள் வெயில் குடித்துவிட்டது. மார்கழியில் ஊரைத் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்கு நின்ற நுளம்பு, கூப்பிடுகிற நேரத்தில் ஒன்றுகூட இல்லை. சிரட்டைகளுக்குத் தென்னோலையில் பந்தல் போட்டாள். கலியாணப் பந்தல் எழும்ப வேண்டிய இடத்தில் நுளம்புக்குப் பந்தல் எழும்பியது. வேலியால் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "என்ன கா புஸ்பம், என்ன விதை போட்டிரிக்காய்?" என்று கேட்டார்கள். கையைக் கடிக்கிற நுளம்பை அடிக்க வேண்டாமென்று தனுஷாவுக்குக் கட்டளை. அழகரத்தினம் சாயந்தரத்தில் சட்டையைக் கழற்றிவிட்டுப் பந்தலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். இரை போட்டால்தானே வரும்.

ஒன்பதாம் நாள் பன்னிரண்டாவது சிரட்டையில் புழு துள்ளியது. புஸ்பம் அப்படிச் சந்தோசப்பட்டதை அழகரத்தினம் மகள் பிறந்த அன்றுதான் பார்த்திருக்கிறார். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் பி.எச்.ஐ. தம்பியைக் கையோடு கூட்டிவந்தார்.

"பாருங்க தம்பி, எவ்வளவு புழு. எழுதுங்க. துண்டு வேணாம், நேரா வழக்குப் போடுங்க" என்றாள் புஸ்பம்.

பி.எச்.ஐ. தம்பி குனிந்து பார்த்தார். கையிலிருந்த பட்டியலைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார்.

"அம்மா, எழுத எனக்கு விருப்பம்தான். போன மாசம் புது லிஸ்ற் வந்த. அறுபத்திரண்டுக்கு அடுத்தது அறுபத்திநாலு."

"அறுபத்திமூண்டு?"

"இல்ல. அது வாவியாம்."

"அப்ப வாவிக்குள்ள சிரட்டை வச்சு நான் நுளம்பு வளக்கிறன் எண்டு வழக்குப் போடுங்க. எதாவது போடுங்க தம்பி."

"வாவி எண்டா அது என்ட பகுதி இல்லம்மா. மீன்பிடிப் பகுதியில சொல்லிப் பாருங்க."

அவர் போக வெளிக்கிட்டார். இரண்டு எட்டு வைத்தவர் திரும்பி வந்து, வேலைப் பழக்கத்தில், பதினாறு சிரட்டையையும் காலால் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

கலியாணத்துக்கு ஐந்து கிழமை இருக்கையில் மதுரனின் தாய் சுலோஜனா வந்தாள். கதிரையின் நுனியில் இருந்தாள்.

"என்ட மகன் ஒரு குறையும் சொல்லல்ல. ஆனா புஸ்பமக்கா, அவன் எங்க வந்து ஏறுற? வள்ளத்திலயா?"

மதுரன் பிடிவாதமாக நின்றபடியால் கலியாணம் நின்றுபோகவில்லை. பதிவு மட்டும் செய்தார்கள். தனுஷா உடுப்புப் பெட்டியோடு சித்தாண்டிக்குப் போய் ஏறினாள். தில்லைக்குடாவில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனதை அதுவரை யாரும் கண்டதில்லை. பெண்கள் வேலியோரம் வந்து நின்று, செத்த வீட்டில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். சித்தாண்டி வீடும் சுலோஜனாவின் மகளுக்கென்று எழுதிய வீடு. தனுஷாவுக்கு விறாந்தையில் ஒரு பக்கத்தைத் தட்டி வைத்து மறைத்துக் கொடுத்தார்கள். தண்ணீர் அள்ளுவதற்கும் மதினியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருப்பதாகக் கைபேசியில் ஒருநாள் சொன்னாள். பிறகு அதையும் சொல்வதை விட்டுவிட்டாள்.

வீட்டைத் தாங்களாகவே கழற்றினால் ஓடும் மரமும் மிஞ்சும் என்றபடியால் அழகரத்தினமே கழற்றினார். புஸ்பம் தேற்றாத்தீவிலிருக்கிற தங்கையின் வீட்டுக்குப் போனாள்.

"நானும் வாறதா?" என்று கேட்டார்.

"அது என்ட தங்கச்சிட வீடு. அங்க ஏறினவர் வேற ஆள்" என்றாள்.

அவருடைய தாயின் வீட்டில் அவருடைய அக்காவின் மருமகன் இருந்தான். அழகரத்தினம் ஹமீட் ஹாஜியாரின் சீமெந்துக் களஞ்சியத்தில் பாயைப் போட்டார். ஹாஜியார் விசிறியொன்று வாங்கிக் கொடுத்தார். அந்தத் தை மாசக் கதையை இரண்டு பேரும் பேசுவதில்லை.

ஆனியில் வாவி எல்லைக்குக் கொங்கிறீட் தூண் நடுகிற வேலைக்குக் கேள்விப்பத்திரம் போட்டார்கள். ஒப்பந்தம் ஹமீட்டுக்குக் கிடைத்தது. ஹாஜியார் களஞ்சியத்துக்குள் வந்து வெகுநேரம் சீமெந்து மூட்டைகளைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"மேசன், வேற ஆள அனுப்பவா?"

"ஏன், நான் நட்டா நிக்காதா?"

தூண்களை அவரே வார்த்தார். அவரே நட்டார். தேற்றாத்தீவுப் பக்கமிருந்து தொடங்கி எட்டாம் நாள் பழைய வளவுக்கு வந்தார்கள். அங்கே ஒரு தூண், முன்பு வாசல் இருந்த இடத்துக்கு இரண்டு முழம் தள்ளி விழுந்தது. குழியைத் தோண்டும்போது அவர் தானே போட்ட விறாந்தைச் சீமெந்து வந்தது. இரும்பு அலவாங்கு போடாமல் அதை உடைக்க முடியவில்லை. உடைத்து, குழியை முழங்கால் ஆழத்துக்கு எடுத்து, தூணை இறக்கித் தூக்குநூல் பிடித்தார். கலவையை மற்றத் தூண்களுக்குப் போட்டதிலும் பார்க்கக் கொஞ்சம் கனமாகப் போட்டார். இளக்கமாகப் போட அவருக்குக் கை வரவில்லை.

மூன்றாம் நாள் தூணுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது புஸ்பம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். யார் சொன்னதோ தெரியாது. குடையை மடக்கினாள். அவரைப் பார்க்கவில்லை. தூணுக்கு முன்னால் வந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்து, ஒரு தடவை முன்னுக்கும் ஒரு தடவை பின்னுக்கும், உள்ள பலத்தையெல்லாம் போட்டு ஆட்டினாள். தூண் அசையவில்லை.

"நல்லாத்தான் நட்டிரிக்கீங்க" என்றாள்.

கையில் ஒட்டின ஈரச் சீமெந்துத் தூளைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.